விண்மீனைத் தொடரும் சிறு பலகை

ஆர்டுயினோ யூனோ உள்ளங்கையில் அடங்கும் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் பலகை. மின்னணுவியல் படிக்காத வடிவமைப்பு மாணவர்களும் கருவிகள் செய்யவேண்டும் என்று 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் தொடங்கிய திட்டத்தின் வழியில், யூனோ 2010-இல் வெளிவந்தது.

பலகையின் மூளை ஏடிமெகா328பி என்ற சில்லு. நிரலுக்கு 32 கிலோபைட், வேலை நினைவகம் வெறும் 2 கிலோபைட். கைபேசியோடு வைத்துப் பார்த்தால் இது அற்பம். ஆனால் இதில் இயங்குதளம் கிடையாது. மின்சாரம் வந்ததும் எழுதிவைத்த ஒரே நிரல்தான் ஓடும். நேரம் பிசகாத வேலைக்கு இதுவே பெரும் வசதி. விண்மீனைத் தொடர்வது அப்படியொரு வேலை.

ஜவ்வாது மலையின் காவலூரில், வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் திறக்கப்பட்டது. புவி சுழல்வதால் விண்மீன் பார்வையைவிட்டு நகர்ந்துவிடும். அதைத் தொடர, புவியின் அச்சுக்கு இணையான அச்சில் தொலைநோக்கி 23 மணி 56 நிமிடம் 4 நொடிக்கு ஒரு சுற்று வீதம் திரும்பவேண்டும். காவலூரின் அட்சரேகை ஏறத்தாழ 12.5 பாகை, அச்சின் சாய்வும் அவ்வளவே.

வீட்டுத் தொலைநோக்கிக்கு இந்த வேலையை யூனோவே செய்யும். 144 பல் வார்ம் கியரோடு, சுற்றுக்கு 200 படி நகரும் ஸ்டெப்பர் மோட்டாரை இணைத்து, ஒவ்வொரு படியையும் பதினாறாகப் பிரித்தால் முழுச் சுற்றுக்கு 4,60,800 துடிப்புகள் தேவை. அதாவது 187 மில்லிநொடிக்கு ஒன்று. சில்லின் கடிகாரமோ நொடிக்கு 1.6 கோடி முறை துடிக்கிறது. இரு படிகளுக்கு நடுவே அதற்கு ஏகப்பட்ட ஓய்வு!

பலகையில் 14 டிஜிட்டல் முனைகள். ஒரு முனையிலிருந்து 20 மில்லிஆம்பியருக்கு மேல் இழுப்பது நல்லதல்ல. எனவே மோட்டாரை நேராக இணைக்காமல், ஏ4988 போன்ற மோட்டார் டிரைவர் சில்லு வழியே இயக்கவேண்டும். 6 அனலாக் முனைகள் 0–5 வோல்ட்டை 1,024 படிகளாக அளக்கும். வேகம் மாற்றும் குமிழை அங்கே இணைக்கலாம்.

ஒரு குறையும் உண்டு. யூனோவின் சில்லுக்குத் துடிப்பு தருவது குவார்ட்ஸ் படிகம் அல்ல, செராமிக் ரெசனேட்டர். அரை சதவீதம் பிசகினாலே நிமிடத்துக்கு 4.5 விகலை (ஆர்க்செகண்ட்) விலகும். கண்ணால் பார்க்க இது பொருட்டல்ல. நெடுநேரம் படம் எடுப்பவர்கள் டிஎஸ்3231 போன்ற துல்லியமான கடிகாரச் சில்லைச் சேர்க்கலாம்.

சுற்று வரைபடம், நிரல் எழுதும் மென்பொருள் எல்லாம் திறந்தவை. யாரும் பலகையைச் செய்து விற்கலாம். ஆர்டுயினோ என்ற பெயர் மட்டும் வணிகக்குறி. வடிவமைப்பு திறந்ததாக இருப்பதால்தான் சென்னை ரிச்சி தெருவில் இதே வடிவமைப்பிலான பலகை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.