நரம்பும் நஞ்சும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் கரிசல் நிலங்களில் பருத்தியும் மக்காச்சோளமும் செழித்து வளர்கின்றன. அந்நிலங்களில் உழைப்போர்க்கு இருவகை நஞ்சால் இடர் நேர்வதுண்டு. ஒன்று, வரப்பிலும் வைக்கோற்போரிலும் உறையும் பாம்பின் நஞ்சு. மற்றொன்று, பயிரைத் தின்னும் புழுக்களைக் கொல்லத் தெளிக்கும் மருந்தின் நஞ்சு. முன்னது இயற்கை தந்தது. பின்னது மனிதன் ஆக்கியது. ஆயினும் இவற்றுட் பல, நம் உடலுட் புகுந்து தாக்கும் இடம் ஒன்றே. அவ்விடம் யாது என அறிய, முதற்கண் நரம்பின் இயல்பை அறிதல் வேண்டும்.

நரம்பு என்பது பழந்தமிழ்ச் சொல். யாழில் கட்டிய தந்தியையும் நம் முன்னோர் நரம்பு என்றே வழங்கினர். இக்காலத்தில், முதியோர் புறங்கையில் பச்சை நிறமாய்ப் புடைத்திருப்பதைக் காட்டி, 'நரம்பு தெரிகிறது' என்கிறோம். அது நரம்பன்று, குருதி செல்லும் குழாய். உண்மை நரம்போ வெண்ணிறமானது. தசைகளுக்கிடையே மறைந்து செல்வது. புரிகள் பல சேர்ந்து கயிறாவது போல, நரம்பணுக்களின் நீண்ட இழைகள் பல சேர்ந்து ஒரு நரம்பாகின்றன.

மனித மூளையில் மட்டும் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. கண்ணுக்குப் புலனாகாத இவ்வணுக்கள் சிலவற்றின் இழை வியக்கத்தக்க நீளமுடையது. தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியில் தொடங்கிக் கால்விரலை நோக்கிச் செல்லும் இழை ஏறத்தாழ ஒரு மீட்டர் இருக்கும். இவ்விழையில் செய்தி எவ்வாறு செல்கிறது? கம்பியில் மின்சாரம் ஓடுவது போல என்று சிலர் கூறுவர். அது முற்றும் பொருந்தாது. இழையின் உட்புறம், வெளிப்புறத்தை நோக்க, 70 மில்லிவோல்ட் அளவுக்கு எதிர்மின் தன்மை உடையது. தூண்டப்பட்டவுடன் அதன் சுவரிலுள்ள நுண்ணிய வாயில்கள் திறக்கின்றன. சோடிய அயனிகள் உள்ளே பாய்கின்றன. அவ்விடத்து மின்நிலை மாறுகிறது. அம்மாற்றம் அடுத்துள்ள வாயில்களைத் திறக்கிறது. வேலியில் பற்றிய தீ முள்ளுக்கு முள் தாவுவது போலச் செய்தி இவ்வாறு முன்னேறுகிறது. ஆங்கில நாட்டு அறிஞர்களாகிய ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி இருவரும் கணவாயின் பருத்த நரம்பிழையை ஆராய்ந்து 1952ஆம் ஆண்டில் இதனை விளக்கினர். கொழுப்புறை போர்த்த இழைகளில் இச்செய்தி நொடிக்கு 100 மீட்டர் வரையும் விரையும்.

இத்துணை விரைவாக வந்த செய்தி, தசையின் அருகே வந்ததும் தடைப்பட்டு நிற்கிறது. நரம்பின் முனை தசையைத் தொடுவதில்லை. இடையில் மிக நுண்ணிய வெளி ஒன்று உண்டு. அரியலூர் மாவட்டத்தின் தென்னெல்லையில் ஓடும் கொள்ளிடத்தை எண்ணிப் பாருங்கள். பாலமில்லாக் காலத்தில் சாலை கரையோடு முடியும். வழிப்போக்கர் ஓடமேறி அக்கரை சேர்வர். நரம்புச் செய்தியும் அவ்வாறே கடக்கிறது. அதன் ஓடம் அசெட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள். அது நரம்பு முனையிலிருந்து வெளிப்பட்டுத் தசையிலுள்ள ஏற்பிகளாகிய துறைகளில் பொருந்துகிறது, தசை சுருங்குகிறது. உடனே ஒரு நொதி அப்பொருளைச் சிதைத்துத் துறையை ஒழிவாக்குகிறது.

நரம்பு வேதிப்பொருளால் பேசுகிறது என்பதை மெய்ப்பித்தவர் ஆட்டோ லோவி. 1921ஆம் ஆண்டில் அவர் இரு தவளைகளின் இதயங்களைத் தனித்தனியே உப்புநீரில் துடிக்க வைத்தார். ஒன்றன் நரம்பைத் தூண்ட, அதன் துடிப்புக் குறைந்தது. அதனைச் சூழ்ந்திருந்த நீரை எடுத்து மற்றதன்மீது செலுத்த, தூண்டப்படாத அவ்விதயமும் மெல்லத் துடித்தது! இச்சோதனை முறை அவர்க்குக் கனவில் தோன்றியதாம். 1936ஆம் ஆண்டு நோபல் பரிசை அவர் ஹென்றி டேல் என்பாருடன் பகிர்ந்து பெற்றார்.

இனி நஞ்சுக்கு வருவோம். நாகத்தின் நரம்பு நஞ்சு அக்கரைத் துறையை அடைத்துக் கொள்கிறது. ஓடம் வந்தும் ஒதுங்க இடமில்லை. கட்டுவிரியன் நஞ்சோ இக்கரையிலுள்ள நரம்பு முனையையே அழிக்கிறது. இப்பாம்பு இரவில் திரிவது. தரையில் உறங்குவோரைக் கடிப்பது. கடித்த இடத்தில் வீக்கமோ கடுவலியோ பெரும்பாலும் இராது. பல்தடமும் தெரியாமற் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி என்பர், பின்னர் இமைகள் தாழும், நாக் குழறும், இறுதியில் மூச்சுத்தசை ஓயும். இந்நிலையில் நோயாளி உணர்விழந்தார் என்று சுற்றத்தார் அழத் தொடங்குவர். நஞ்சு தாக்கியது தசைக்குச் செல்லும் வழியையே, மூளையை அன்று. அவர் அழுகையைக் கேட்டுக் கொண்டிருக்கலாம். 'கேட்கிறது' என்று சொல்லத்தான் இயலாது.

பூச்சிமருந்தின் செயல் இதற்கு நேர்மாறானது. பாஸ்பரஸ் சேர்ந்த மருந்துகள் பல, துறையை ஒழிவாக்கும் நொதியை முடக்குகின்றன. செய்தி வந்தது, ஆனால் ஓய்வதில்லை. புழு மடிவதும் இதனால்தான். அதன் நரம்பிலும் இதே ஓடம் உண்டு. ஆளுயரப் பயிரில் தெளிக்கும்போது துளிகள் முகத்திலும் தோளிலும் படிந்து தோல்வழியே புகுகின்றன. கண்மணி சுருங்கும், உமிழ்நீரும் வியர்வையும் பெருகும், தசைகள் துடிதுடித்துச் சோரும், மூச்சு நிற்கும். 2017ஆம் ஆண்டில் மராட்டிய மாநிலத்து யவத்மால் பகுதியில், பருத்திக்கு மருந்து தெளித்த உழவர் பலர் உயிரிழந்தனர். நனைந்த ஆடையை உடனே களைந்து, உடலைச் சோப்பிட்டுக் கழுவி, மருந்துக் குப்பியுடன் மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். அட்ரோபின் முதலிய மாற்று மருந்துகள் உள.

பாம்புக்கடிக்குக் கயிற்றால் இறுகக் கட்டுவதும், கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் தீங்கே தரும். கடியுண்ட உறுப்பை அசையாமல் வைத்து மருத்துவமனைக்கு விரைதலே தக்கது. மாவட்ட அரசு மருத்துவமனைகளில் எதிர்நஞ்சு கிடைக்கிறது. அரியலூரில் 2022ஆம் ஆண்டு முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் உள்ளது. எதிர்நஞ்சு, குருதியில் திரியும் நஞ்சைப் பற்றுமேயன்றிக் கட்டுவிரியன் அழித்த முனைகளை மீட்காது. ஆதலின் நாழிகை ஒவ்வொன்றும் பெறுமதியுடையது. காலந்தாழ்ந்து வந்தவர்க்கும் ஒரு வழியுண்டு. செயற்கை மூச்சுக் கருவி அவர்தம் நெஞ்சின் வேலையைச் சில நாள்கள் ஏற்றுச் செய்யும். அதற்குள் நரம்பிழை புதிய முனைகளை விட்டுத் தசையை நாடும். ஓடங்கள் மீண்டும் புறப்படும். நோயாளி தாமே மூச்சிழுப்பார்.