வந்து போன வாதம்

பேச்சு குழறி, ஒரு கை தொங்கி, கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாகிவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. "வந்துச்சு, போயிருச்சு" என்று சொல்லிவிட்டு மறுநாள் மிளகுத் தோட்டத்துக்குக் கிளம்பிவிடுகிறவர்கள் உண்டு. கொல்லிமலையின் பெரக்கரை நாட்டில் இப்படி யாருக்காவது ஆனால், அன்றைக்கே மலையிறங்கச் சொல்லுங்கள். பெரிய பக்கவாதம் வரும் ஆபத்து அடுத்த சில நாட்களில்தான் மிக அதிகம்.

தாடைக்குக் கீழே இருபுறமும் விரல் வைத்தால் துடிக்கும் தமனிகள்தான் மூளையின் பெரும்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகின்றன. அவை இரண்டாகப் பிரியும் இடத்தில் பீடி, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை ஆகியவற்றால் ஆண்டுக்கணக்கில் கொழுப்பு படிகிறது. குழாய் பாதி குறுகினாலும் மூளைக்குப் போகும் ரத்தம் அவ்வளவாகக் குறையாது. மூளையின் அடியில் இருபக்கத் தமனிகளையும் இணைக்கும் வளையம் ஒன்று உண்டு. 1664இல் தாமஸ் வில்லிஸ் விவரித்தது. ஒருபக்கம் குறைந்தால் மறுபக்கத்திலிருந்து ரத்தம் வரும். ஆனால் அந்த வளையம் எல்லோருக்கும் முழுமையாக அமைந்திருப்பதில்லை.

கழுத்துத் தமனியால் வரும் வாதத்துக்குப் பெரும்பாலும் காரணம் வேறு. படிவின் மேல் உறைந்த ரத்தத்தின் துணுக்கு பிய்ந்து மேலே போய், மூளையின் சிறு குழாயை அடைத்துவிடுகிறது. துணுக்கு கரைந்தால் கை திரும்ப வரும். படிவு கழுத்திலேயேதான் இருக்கும். ஒரு கண்ணில் மட்டும் பார்வை மங்கி மீள்வதும் இதனால் நேரலாம்.

கை கால் விழுந்தால் 108ஐ அழையுங்கள். உறைவைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்; அதற்கு முன் சிடி ஸ்கேன் எடுத்தாக வேண்டும். மலையிறங்கும் காரவள்ளிப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன என்பதை நினைவில் வையுங்கள். ஆள் கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு போங்கள். தூங்கி எழும்போதே கை வரவில்லையென்றால், படுக்கப் போன நேரம்தான் கணக்கு. முடவாட்டுக்கால் சூப்போ தண்ணீரோ வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். கொதிப்பு மாத்திரையை நீங்களாக இரண்டாகக் கொடுக்கவும் வேண்டாம்: குறுகிய தமனிக்கு அப்பால் இருக்கும் மூளை அந்த அழுத்தத்தை நம்பித்தான் பிழைத்திருக்கிறது.

அவசரச் சிகிச்சை யாரும் போடுகிற பிச்சை இல்லை. ரயிலிலிருந்து விழுந்த தொழிலாளி ஒருவரைக் கொல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் படுக்கையில்லை என்று திருப்பியனுப்பிய வழக்கில், அது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையை மீறிய செயல் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது.

உயிர் தப்பிய பிறகு கேட்க வேண்டிய முதல் கேள்வி: "கழுத்து டாப்ளர் ஸ்கேன் எடுத்தாச்சா?" அடைப்பு எந்தப் பக்கம், எத்தனை சதவீதம் என்று எழுதி வாங்குங்கள். 1991இல் வெளியான வட அமெரிக்க ஆய்வில், அறிகுறி வந்து 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பிருந்தவர்களில், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 26 சதவீதம் பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் அதே பக்கம் வாதம் வந்தது. அறுவைச் சிகிச்சை செய்தவர்களில் 9 சதவீதம் பேருக்குத்தான். அறுவைச் சிகிச்சை வேண்டுமென்றால் இரண்டு வாரத்துக்குள் செய்வது நல்லது. அடைப்பு 50 சதவீதத்துக்குக் கீழே என்றால் கத்தியோ ஸ்டென்டோ தேவையில்லை, மாத்திரை போதும். அப்படியும் யாராவது ஸ்டென்டை வற்புறுத்தினால் இன்னொரு மருத்துவரிடம் காட்டுங்கள். மருத்துவக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி.

செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. உங்கள் சிகிச்சை அதில் சேருமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவிலேயே கேட்டுவிடுங்கள். அட்டை இல்லாதவர்கள் நோய் வருமுன் வாங்கி வைப்பது நல்லது. கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகள் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மூலம் வீட்டுக்கே வரும். ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும் எழுதித் தந்திருந்தால், அவை தீரும் முன்பே வாங்கி வர வேண்டும்.