குச்சிக்கிழங்கில் உட்கார்ந்திருப்பது எந்த மாவுப்பூச்சி?

மாசி முடிவதற்குள் குச்சிக்கிழங்கு எனும் மரவள்ளிக்குக் குச்சி நட்டாக வேண்டும். சேலம், நாமக்கல் பக்கத்து வாசகர் கடிதங்களில் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்: "மாவுப்பூச்சியை அழிக்கப் பப்பாளிக்கு விட்ட குளவியையே மரவள்ளிக்கும் விட்டால் போதாதா? இரண்டும் மாவுப்பூச்சிதானே?" போதாது. ஏன் என்பதைத் துண்டறிக்கைகள் சொல்வதில்லை. 'மாவுப்பூச்சித் தாக்குதல்' என்று தலைப்புப் போட்டு, கீழே மருந்துப் பெயர்களை அடுக்கி முடித்துக்கொள்கின்றன.

நம் மரவள்ளியில் தொல்லை தருபவற்றில் முக்கியமானவை இரண்டு. 2008இல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ், மஞ்சள் உடம்பு. 2020இல் திருச்சூரில் கண்டறியப்பட்டு, பிறகு இங்கும் பரவிய ஃபீனகாக்கஸ் மனிஹோட்டி, இளஞ்சிவப்பு. இது உட்கார்ந்த செடியில் நுனிக் கணுக்கள் நெருங்கி, இலைகள் கொத்தாகச் சுருண்டு, வளர்ச்சி நின்றுவிடும். வெள்ளை மெழுகு மூடியிருப்பதால் நிறம் தெரியவில்லையா? ஆல்கஹாலில் போட்டு வையுங்கள். பப்பாளிப் பூச்சி இரண்டொரு நாளில் நீலக்கறுப்பாகிவிடும்.

ஆய்வாளர்கள் இதோடு நிறுத்துவதில்லை. வளர்ந்த பெண் பூச்சியின் உடலைக் கீறி, காஸ்டிக் பொட்டாஷில் சூடாக்குவார்கள். உள்ளே இருப்பதெல்லாம் கரைந்து நிறமற்ற தோல் மட்டும் மிஞ்சும். அதற்குச் சாயமேற்றி, ஸ்லைடில் பரப்பி, மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் தோலெங்கும் மெழுகு சுரக்கும் துளைகள். ஒவ்வொரு துளைக்குள்ளும் குட்டித் துளைகள்: சிலவற்றில் மூன்று, சிலவற்றில் ஐந்து, சிலவற்றில் பத்து வரை. நகத்தின் உட்பக்கம் ஒரு சிறு பல், ஒன்பது கணு உணர்கொம்பு, உடலோரம் பதினெட்டு ஜோடி முள்கொத்து இருந்தால் பெரும்பாலும் அது ஃபீனகாக்கஸ். 1893இல் காக்கரெல் ஏற்படுத்திய இந்தப் பேரினத்தில் இப்போது சுமார் 200 சிற்றினங்கள். ஒரே பேரினம் என்று ஏட்டில் இருப்பதாலேயே எல்லாம் நெருங்கிய உறவு என்று நம்பிவிட வேண்டாம். மரபணு ஆய்வுகள் வந்தபின் இதன் எல்லைகளே ஆட்டம் கண்டிருக்கின்றன. ஆண் பூச்சிக்கு இறக்கை உண்டு, தின்ன வாய் இல்லை, ஆயுள் சில நாள்; வகைப்பாட்டில் அவனைக் கிட்டத்தட்ட யாரும் கேட்பதில்லை.

இந்தத் துளைக் கணக்கால் என்ன பயன்? ஆப்பிரிக்காவைக் கேட்க வேண்டும். 1970களின் தொடக்கத்தில் காங்கோ பகுதியில் தலைகாட்டிய பூச்சி, கண்டத்தின் மரவள்ளியை வரிசையாக அழித்தது. 1977இல் மத்தீல்-ஃபெரெரோ அதற்கு மனிஹோட்டி என்று பெயரிட்டார். மரவள்ளியின் தாயகம் தென் அமெரிக்கா. பூச்சியின் எதிரியும் அங்கேதான் இருக்கும் என்று தேடிப் போனார்கள். அக்கண்டத்தின் வடபகுதியில் அச்சு அசலாக அதே மாதிரி ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது, அதை அழிக்கும் குளவிகளும் கிடைத்தன. அந்தக் குளவிகளோ ஆப்பிரிக்கப் பூச்சியைச் சீண்டவில்லை. திரும்ப ஸ்லைடுக்குப் போனபோதுதான் தலையின் அடிப்பக்கத்து ஐந்துதுளை மெழுகுத் துளைகளின் எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை என்பது தெரிந்தது. இன்னொரு தடயமும் இருந்தது: ஆப்பிரிக்கப் பூச்சியில் ஆணே இல்லை, பெண்ணே பெண்ணைப் பெறுகிறது, வடக்கத்திப் பூச்சியில் ஆண் உண்டு. 1981இல் காக்ஸ், வில்லியம்ஸ் இருவரும் அதைத் தனிச் சிற்றினமாக்கி, தேடலை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெரெனின் பெயரால் ஃபீனகாக்கஸ் ஹெரெனி என்றனர். அதே ஆண்டு பராகுவேயில் உண்மையான மனிஹோட்டியை பெல்லாட்டி கண்டுபிடித்தார். அங்கிருந்த அனாகைரஸ் லோபெசி என்ற குளவி நைஜீரியாவில் விடப்பட்டது. ஆப்பிரிக்காவைக் காப்பாற்றியது அதுதான். 2022 மார்ச்சில் சேலம் ஏத்தாப்பூரில் விடப்பட்டதும் அதே குளவி.

என்னை உறுத்துவது வேறொன்று. அந்த ஜெனிஃபர் காக்ஸே 1983இல் வெளியிட்ட ஆய்வில் மாவுப்பூச்சிகளை வெவ்வேறு வெப்பநிலையில் வளர்த்துப் பார்த்தார். ஒரே சிற்றினத்திலேயே துளைகளின் எண்ணிக்கையும், மெழுகு சுரக்கும் குழல்களின் எண்ணிக்கையும் மாறின. சூடு மாறினாலே எண்ணிக்கை மாறும் என்றால், எண்ணி வைத்த பெயரை எவ்வளவு தூரம் நம்புவது? பெயர் தடுமாறியதும் உண்டு: பாகிஸ்தான் பருத்தியில் பெருகிய பூச்சிக்கு காசிப்பிஃபிலஸ் என்று புதுப் பெயர் சூட்டினார்கள். 2008இல் பரிசோதித்தபோது, 1898லேயே அமெரிக்காவில் பெயர் பெற்ற ஃபீனகாக்கஸ் சொலெனாப்சிஸ்தான் அது என்று முடிவாயிற்று. 'புதிய பூச்சி' என்று அறிவிப்பு வந்தால், யார் ஸ்லைடு பார்த்தார்கள், எத்தனை ஊர் மாதிரிகளை ஒப்பிட்டார்கள் என்று கேட்பது தப்பில்லை.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக.

பப்பாளிக் குளவி? அசெரோஃபாகஸ் பப்பாயே, மனிஹோட்டிக்கு அது உதவாது.

'குளவி விட்டாயிற்று, கட்டுக்குள் வந்துவிட்டது' என்கிறார்களே? உங்கள் வயலில் பழுப்பாகக் கெட்டித்து, குளவி வெளியேறிய ஓட்டை விழுந்த மாவுப்பூச்சிகள் கிடந்தால் நம்புங்கள்.

குளவி கொட்டுமா? கொட்டாது, இரண்டு மில்லிமீட்டர்கூட இராது.

எபிடைனோகார்சிஸ் லோபெசி, அபோஅனாகைரஸ் லோபெசி? இரண்டும் அனாகைரஸ் லோபெசியின் பழைய பெயர்கள்.

மருந்து அடிக்கலாமா? குளவி உள்ள வயலில் கண்டபடி அடித்தால் குளவியும் சேர்ந்து சாகும்.

குச்சி? இந்தப் பூச்சி தொலைதூரம் போவது குச்சிக் கட்டில்தான். விற்பவர் என்ன சொன்னாலும் கட்டை அவிழ்த்து, கணுக்கணுவாகப் பார்த்து வாங்குங்கள்.