துருவை மூடாதீர்கள், வெட்டுங்கள்

மும்பையில் குடித்தனம் நடத்தும் நமக்குத் துருவைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பால்கனிக் கிராதி, மாடிப்படிக் கம்பி, தண்ணீர்த் தொட்டியின் மூடி என்று எதையும் அது விட்டுவைப்பதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை 2000 மி.மீ.க்கு மேல் மழை. மற்ற மாதங்களில் உப்புக் காற்று. இரும்புக்கு இதைவிடப் பொல்லாத ஊர் வேண்டுமா?

எங்கள் வீட்டில், அப்பா 1972இல் சொந்த உபயோகத்துக்கு வாங்கிய ஜீப் வகைப் பிக்கப் ஒன்று இருக்கிறது. 1940களின் பிற்பகுதியிலேயே இந்த நகரில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கிய மஹிந்திராவின் தயாரிப்பு. பொங்கல் விழாக்களுக்கு அண்டாவும் நாற்காலியும் சுமந்த வண்டி என்று மூத்த உறுப்பினர்கள் அடையாளம் சொல்வார்கள். சென்ற மழைக்காலம் முடிந்ததும் அதன் பின்தொட்டியில் ஏறி நின்றேன். தளம் காலடியில் அமுங்கியது. மேலே பெயிண்ட் என்னவோ பளபளப்பாகத்தான் இருந்தது.

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பட்டி பூசிப் பெயிண்ட் அடித்துவிடலாம் என்றார் ஒருவர். பட்டி பளு தாங்காது. அதன் அடியில் துரு அரித்துக்கொண்டே இருக்கும். ஒரு நாள் ஏறி நிற்பவரின் கால் உள்ளே போகும். தொட்டியையே மாற்றிவிடலாம் என்றார் இன்னொருவர். அதில் வேறு சிக்கல். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021இல் வந்த திருத்தப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, வணிகத்துக்கு ஓடாத வண்டியை ரூ. 20,000 கட்டி ‘விண்டேஜ்’ என்று பதியலாம். ஆனால் சேஸி, பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.

குர்லாவில் ஒரு முதிய டென்டிங் மிஸ்திரி (நம் ஊரில் டிங்கரிங் என்கிறோமே, அதே தொழில்தான்) மூன்றாவது வழி சொன்னார்: கெட்டதை மட்டும் வெட்டி, நல்லதை வைத்துக்கொள்வது.

முதலில் காந்தத்தால் சோதித்தார். பழைய பட்டி கனமாக இருந்த இடத்தில் காந்தம் ஒட்டவில்லை. பிறகு ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தார். கெட்டுப்போன இடமெல்லாம் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த மூட்டுகளில்தான். அந்த இடுக்கில் தங்கும் ஈரம் வெளியே வருவதில்லை. துரு, இரும்பைவிட அதிக இடம் அடைப்பதால் மூட்டையே நெம்பிப் பிளக்கிறது.

பெட்ரோல் டாங்கைக் கழற்றி, பேட்டரி இணைப்பையும் எடுத்த பிறகே வேலை தொடங்கியது. துருவின் விளிம்போடு நிறுத்தாமல், ஓர் அங்குலம் நல்ல தகட்டுக்குள் சென்று வெட்டினார். அட்டையில் அளவெடுத்து, பழைய தகட்டின் அதே கனத்தில் புதுத் தகடு, மூலைகள் வளைவாக. துத்தநாகம் பூசிய தகடு வேண்டாம் என்றார். வெல்டிங் சூட்டில் அதிலிருந்து எழும் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலும் குளிர் நடுக்கமும் வரும்.

புதுத் தகட்டை மேலே படியவிடாமல், விளிம்போடு விளிம்பு பொருத்தினார். படியவிட்டால் ஈரத்துக்கு மறுபடி ஒரு வீடு கிடைத்துவிடும் அல்லவா? கேஸ் வெல்டிங் அதிகச் சூடு பரப்பி மெல்லிய தகட்டைக் கோணலாக்கும் என்பதால் சி.ஓ.டூ வெல்டிங். இங்கொரு பொட்டு, எதிர்ப்புறம் ஒரு பொட்டு, ஆறவிட்டு மறுபடி ஒன்று. அவசரப்பட்டால் தகடு அப்பளம் போல் நெளிந்துவிடும்.

தேய்த்துச் சமன்செய்த பின் ரெட் ஆக்ஸைட் பிரைமர், மூட்டுகளில் சீலர், கடைசியில் பெயிண்ட். மேல்புறத்தைவிட அடிப்புறத்துக்கே அதிகக் கவனம். அடைபட்டிருந்த வடிகால் துளைகளையும் திறந்துவிட்டார். தண்ணீர் வழிய வழி இல்லாவிட்டால் எத்தனை பூச்சு அடித்தும் பயனில்லை.

பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் வருகிற ஜூனுக்கு முன் ஒரு முறை அடியில் குனிந்து பாருங்கள். தொட்டியில் ஈரச் சாக்கோ ரப்பர் விரிப்போ கிடந்தால் எடுத்துக் காயவிடுங்கள். கடலோரம் போய் வந்தால் அடிப்பக்கத்தையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பெயிண்டில் சிறு கொப்புளம் தெரிந்தால் அன்றே சுரண்டிப் பாருங்கள். அன்று நாலணா அகலத்தில் இருப்பது அடுத்த மழைக்குள் உள்ளங்கை அகலமாகிவிடும்.