மனம் கனக்கும் நாளில் ஒரு தட்டு பிரவுனி



மகளுக்குப் பரீட்சைப் பெறுபேறு வரவேண்டியிருக்கிறது. மத்திய கிழக்கில் வேலை பார்க்கும் கணவரிடமிருந்து இரண்டு நாட்களாக அழைப்பு இல்லை. மாமி ஆஸ்பத்திரியில். மாதம் முடிய இன்னும் 10 நாட்கள் இருக்க, கையிருப்போ தீர்ந்துவிட்டது. இப்படியான நாட்களில் தொழுது முடித்து முஸல்லாவை மடித்து வைத்த பிறகும் மனம் அதே கவலையைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. இது ஈமானின் பலவீனம் என்று உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டியதில்லை. மகன் யூஸுப் (அலை) அவர்களைப் பிரிந்த யஃகூப் (அலை) அவர்கள் துக்கத்தால் பார்வை மங்கிப் போனதை அல்-குர்ஆனே நமக்குச் சொல்கிறது. அவர்கள் தமது கவலையை அல்லாஹ்விடமே முறையிட்டார்கள். ஆனால் கவலையே இல்லாதவர் போல் நடிக்கவில்லை.

பொறுமையும் தொழுகையும் துஆவும்தான் நமக்கு முதல் துணை. அவற்றோடு, கைகளுக்கும் ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள்.

மனம் கலங்கியிருக்கும்போது பெண்கள் பலர் தம்மையறியாமலே குசினிக்குள் போய் நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அதற்குக் காரணம் உண்டு. மாவை நிறுக்கும்போது, முட்டையை உடைக்கும்போது, கலவையை ஒரே பக்கமாகக் கிளறும்போது கண்ணும் கையும் கவனமும் ஓரிடத்தில் நிற்கின்றன. நம்மைத் தாக்கிய கவலை எப்போது தீரும் என்று நமக்குத் தெரியாது. அடுப்பில் வைத்த கேக் தட்டு அரை மணி நேரத்தில் வெந்துவிடும் என்று தெரியும். எதுவுமே நம் கையில் இல்லை என்று தோன்றும் நாளில், தொடங்கி முடித்து வைத்த ஒரு சிறு வேலை பெரிய ஆறுதல். வாசனைக்கும் இதில் பங்குண்டு. மூக்கிலிருந்து செல்லும் நரம்புப் பாதை, ஞாபகத்தையும் உணர்ச்சியையும் ஆளும் மூளைப் பகுதிகளுக்கு மிக அருகில் சென்று சேர்கிறது. வனிலா மணத்தவுடன் உம்மா வீட்டுப் பெருநாள் காலை நினைவுக்கு வருவது அதனால்தான்.

உணவுக்கும் மனத்துக்கும் உள்ள இந்த உறவு நமக்குப் புதியதல்ல. அன்னை ஆயிஷா (ரழி) அவர்களின் குடும்பத்தில் ஒருவர் மரணித்தால், கூடிய பெண்கள் கலைந்து சென்றபின், நெருங்கியவர்கள் மட்டும் இருக்கையில், ஒரு பானையில் தல்பீனா சமைக்கச் சொல்வார்கள். தல்பீனா என்பது வாற்கோதுமை மாவில் காய்ச்சும் இலேசான கஞ்சி. பால் போல் வெண்மையாக இருப்பதால் அந்தப் பெயர். அது நோயாளியின் உள்ளத்துக்கு இதமளித்துக் கவலையில் ஒரு பகுதியைப் போக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறக் கேட்டதாக அன்னையவர்கள் அறிவித்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் உள்ளது. முழுக் கவலையும் போய்விடும் என்றல்ல, ஒரு பகுதி போகும் என்றே சொல்லப்பட்டிருக்கிறது. உணவிடமிருந்து நாமும் அவ்வளவையே எதிர்பார்க்க வேண்டும்.

2020 மார்ச்சில் நாடெங்கும் ஊரடங்கு வந்தபோது எத்தனையோ வீடுகளில் பெண்களும் பிள்ளைகளும் கேக், பணிஸ் செய்யப் பழகினார்கள். 2022இல் கேஸ் வரிசையும், ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்ட மின்வெட்டும் வந்தபோது, ஒவன் இல்லாமல் செய்யவும் பழகினார்கள். அந்த இரு காலத்துக்கும் பொருந்திய ஒன்றுதான் பிரவுனி. அமெரிக்காவில் பிறந்த பண்டம் இது. 1893இல் சிக்காகோ நகரில் நடந்த உலகக் கண்காட்சிக்கு வந்த பெண்களின் உணவுப் பெட்டியில் வைப்பதற்காக அங்குள்ள பாமர் ஹவுஸ் ஹோட்டலில் செய்யப்பட்டது என்று அந்த ஹோட்டலார் கூறுவர். பட்டர் கேக்கைப் போல் நெடுநேரம் அடிக்கத் தேவையில்லை. பேக்கிங் பவுடரும் வேண்டாம். பொங்கவில்லையே என்ற பயமும் இல்லை. பிரவுனி தட்டையாக, உள்ளே சற்று ஈரமாக இருக்க வேண்டியதுதான்.

தேவையானவை: பட்டர் அல்லது மாஜரின் 125 கிராம், சீனி 200 கிராம், முட்டை 2, கோதுமை மா 75 கிராம், இனிப்பில்லாத கொக்கோ தூள் 40 கிராம், உப்பு ஒரு சிட்டிகை, வனிலா ஒரு தேக்கரண்டி. வனிலா வாங்கும்போது அதில் மதுசாரம் கலந்திருக்கிறதா என்று போத்தலின் லேபலை வாசித்துப் பாருங்கள்.

செய்முறை: பட்டரை மெல்லிய தீயில் உருக்கி இறக்கி, சீனியைச் சேர்த்துக் கிளறுங்கள். சூடு ஆறிய பின் முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, கலவை மினுமினுப்பாகும் வரை கலக்குங்கள். சூடாக இருக்கும்போது ஊற்றினால் முட்டை வெந்து திரிந்துவிடும். வனிலாவை விட்டு, மா, கொக்கோ, உப்பு மூன்றையும் அரித்துச் சேர்த்து, மா மறையும் வரை மட்டும் கிளறுங்கள். அதிகம் கிளறினால் இறுகிவிடும். ஒயில் பேப்பர் விரித்த 8 அங்குலச் சதுரத் தட்டில் ஊற்றி, முன்னரே சூடாக்கிய ஒவனில் 180 பாகை செல்சியஸில் 20 முதல் 25 நிமிடம் வரை வேகவிடுங்கள். நடுவில் ஈர்க்கைக் குத்தி எடுத்தால் ஈரமான துகள் சில ஒட்டியிருக்க வேண்டும். சுத்தமாக வந்தால் கூடுதலாக வெந்துவிட்டது என்று பொருள். நன்றாக ஆறிய பின்பே 16 துண்டுகளாக வெட்டுங்கள்.

ஒவன் இல்லாதவர்கள் கனமான பெரிய சட்டியில் ஓர் அங்குல உயரத்துக்கு உப்பு அல்லது சுத்தமான மணல் பரப்பி, அதன்மேல் ஒரு கம்பி வளையம் வைத்து, மூடி 10 நிமிடம் சூடாக்குங்கள். பிறகு சட்டிக்குள் அடங்கும் தட்டை வளையத்தின் மேல் வைத்து மூடி, சிறு தீயில் விடுங்கள். ஏறத்தாழ 40 நிமிடம் பிடிக்கும். 30 நிமிடத்துக்குப் பின் ஈர்க்கால் குத்திப் பாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். ஆறுதல் செய்வதில்தான் பெரும்பங்கு இருக்கிறது, தின்பதில் அல்ல. கவலையில் ஒரு தட்டையும் தனியே காலி செய்தால், சீனி தந்த தெம்பு சிறிது நேரத்தில் இறங்கிவிடும்; மனம் முன்னைவிடச் சோரும். நீரிழிவு உள்ளவர்கள் இருக்கும் வீடுகளில் இன்னும் கவனம் வேண்டும். அதேபோல், வாரக் கணக்கில் நித்திரையும் பசியும் இல்லாமல், எதிலும் பிடிப்பற்று இருக்கும் சகோதரிக்குக் கேக் மருந்தல்ல. வைத்தியரைக் காண்பது வெட்கமல்ல. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை அழைத்தும் பேசலாம்.

இனி, அந்த 16 துண்டுகள் எங்கே போக வேண்டும் என்பதைப் பார்ப்போம். ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு மூத்தா போரில் ஜஅஃபர் (ரழி) அவர்கள் ஷஹீதானார்கள். அன்று அவர்களின் மனைவி அஸ்மா (ரழி) அவர்கள் மா பிசைந்து வைத்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி எண்ணெய் தடவி வைத்திருந்தபோதுதான் நபி (ஸல்) அவர்கள் அந்த வீட்டுக்கு வந்தார்கள் என்று சரித்திர நூல்கள் கூறுகின்றன. அந்த மா ரொட்டியானதா என்று எவரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் ஜஅஃபரின் வீட்டாருக்கு உணவு சமைத்துக் கொடுக்கும்படி நபியவர்கள் மற்றவர்களைப் பணித்தார்கள். துக்கத்தில் இருப்பவளின் கையிலிருந்து அகப்பையை வாங்கிக் கொள்வதே இந்த ஸுன்னத்தின் சாரம். நாமோ பல இடங்களில் மையித்து வீட்டுப் பெண்களையே வருவோருக்குத் தேநீர் ஊற்றவும் சோறு ஆக்கவும் வைத்துவிடுகிறோம்.

2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை, கொரோனாவால் மரணித்த நம்மவர்களின் ஜனாஸாக்கள் இந்நாட்டில் எரிக்கப்பட்டன. அடக்கவும் முடியாமல், தனிமைப்படுத்தலால் ஆறுதல் சொல்ல வருவோரையும் காணாமல் எத்தனை வீடுகள் தவித்தன! அத்தகைய வீட்டுப் படலையில் மூடி வைக்கப்பட்ட ஓர் உணவுத் தட்டு, நூறு வார்த்தைகளை விடக் கூடுதலாகப் பேசியிருக்கும்.

அண்டை வீட்டாள் கொடுப்பது ஆட்டின் குளம்பாக இருந்தாலும் அற்பமாக எண்ண வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியது முஸ்லிம் பெண்களைப் பார்த்துத்தான். எனவே நான்கு துண்டுகள் போதும், அலங்காரம் வேண்டாம். பிரவுனிக்கு வசதியில்லாத நாளில் சாதாரண அரிசிக் கஞ்சியும் போதும். அடுத்த வீட்டு ராத்தாவுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் எந்த மதத்தவராக இருந்தாலும் கொடுங்கள். கொடுக்கும்போது “ஏதும் உதவி வேண்டுமென்றால் சொல்லுங்கள்” என்று சொல்லிவிட்டுத் திரும்பாமல், சிறிது நேரம் உட்கார்ந்து அவர் சொல்வதைக் கேளுங்கள். கழுவாமல் கிடக்கும் நான்கு கோப்பைகளைக் கழுவிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

நாளை உங்கள் வீட்டில் மனம் கனக்கும்போது ஒருவர் தட்டோடு வந்தால், “எங்களுக்கு எதற்கு?” என்று மறுக்காமல் இரு கைகளாலும் வாங்கிக் கொள்ளுங்கள். கொடுப்பதைப் போலவே வாங்கிக் கொள்வதும் அன்புதான். அல்லாஹ் நம் எல்லோரது உள்ளங்களையும் இலேசாக்கி வைப்பானாக!