தகட்டில் மிஞ்சிய மூன்று எண்கள்

திருப்பூரின் பழைய நிட்டிங் மெஷின் ஒன்று இரும்புக் கடைக்குப் போனால், அதிலிருந்த கம்பெனித் தகடு தனியாகப் பிரிந்துவிடுகிறது. எழுத்துகள் பாதி தேய்ந்து, சில எண்கள் மட்டும் மிஞ்சிய அப்படியொரு தகட்டை வைத்துக்கொண்டு, அது இருந்த மெஷின் என்ன வேலை செய்தது என்று சொல்ல முடியுமா? பெரும்பாலோர் பெயரைத்தான் முதலில் தேடுகிறார்கள். பெயரைவிட எண்களுக்கே மதிப்பு அதிகம் என்பேன்.

பெயரும் ஊரும் காலத்தைச் சொல்லும், மறுக்கவில்லை. வட்டப் பின்னல் மெஷின்கள் செய்துவந்த மேயர் & சி கம்பெனி 1905-இல் ஜெர்மனியின் டைல்ஃபிங்கனில் தொடங்கியது. அந்த ஊர் 1975-இல் எபிங்கனோடு சேர்ந்து ஆல்ப்ஸ்டட் என்ற நகரமானது. ஆகவே ஆல்ப்ஸ்டட் என்று பொறித்த தகடு அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. மெட்ராஸ் விற்பனையாளரின் முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால், அது 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. ஆனால் ஒரே கம்பெனி பல வகை மெஷின்களைச் செய்யும். இது எந்த வகை என்பதற்குப் பெயரில் விடை இல்லை.

தகட்டில் 20, 24, 1512 என்று மட்டும் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊசிகள் வட்டமாக நிற்கும், 20 இஞ்ச் டயா (விட்டம்) உள்ள சிலிண்டரின் சுற்றளவு, 3.14-ஆல் பெருக்கினால், 62.8 இஞ்ச். இஞ்சுக்கு 24 ஊசி, அதாவது 24 கேஜ் என்றால், சுமார் 1508 ஊசிகள் வரும். தகட்டில் நான்கு கூடுதலாக இருப்பதில் வியப்பில்லை. டிசைன் மீதமில்லாமல் சுற்றி முடிய வேண்டும் என்பதால், பல எண்களால் வகுபடும் தொகையாக ஊசிகளை அமைப்பார்கள். 1512 அப்படிப்பட்ட எண். அதற்கு முன்னால் ‘2 ×’ என்று இருந்தால் இன்னும் தெளிவு: சிலிண்டரில் ஒரு வரிசை, மேலே டயலில் ஒரு வரிசை என்று ஊசிகள் உண்டு, ஆகவே அது ரிப் அல்லது இன்டர்லாக் மெஷின். இல்லையென்றால் ஒரே வரிசை ஊசி கொண்ட சிங்கிள் ஜெர்சி மெஷின் என்று எடுத்துக்கொள்ளலாம். டயா சிறியது என்பதும் ஒரு தடயம். பக்கவாட்டுத் தையலே இல்லாத பனியனுக்கு, உடல் அளவுக்கேற்ற குழாய்த் துணியை இத்தகைய சிறிய டயா மெஷின்கள்தான் பின்னிக் கொடுத்தன.

தற்செயலாகப் பொருந்தியிருக்கலாமே என்று கேட்கலாம். ஒற்றை எண்ணாக இருந்தால் அந்தச் சந்தேகம் நியாயமே. 1440 என்ற எண்ணை ஊசிக் கணக்கு என்று நினைக்கத் தோன்றும்; ஆனால் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் நான்கு துருவ மோட்டார் நிமிடத்துக்குச் சுற்றும் வேகமும் ஏறக்குறைய அதுதான். மோட்டார் தகட்டில் அதன் பக்கத்தில் வோல்ட்டும் குதிரைத்திறனும் இருக்கும். அவற்றை எப்படிப் பெருக்கினாலும் ஊசிக் கணக்கு வராது. மூன்று எண்கள் ஒரே பெருக்கலில் கட்டுப்படுவது தற்செயலாக நடப்பது மிக அரிது.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. கேஜ் மாற்ற வேண்டி சிலிண்டரையே மாற்றிவிடுவது வழக்கம். அப்போது தகடு சொல்வது பொய்யாகிவிடாதா? தகடு சொல்வது, மெஷின் அதைச் செய்த ஆலையை விட்டு வந்தபோது இருந்த நிலையை. சிலிண்டரில் பொறித்த எண்ணோடு அது முரண்பட்டால், அந்த மெஷினின் வேலை இடையில் மாறியது என்பதற்கு அந்த முரண்பாடே சான்று. தகடும் மெஷினும் ஒன்றாக இருக்கும்வரைதான் இந்தச் சான்று கிடைக்கும். எனவே பனியன் கம்பெனி உரிமையாளர்களும் இரும்புக் கடைக்காரர்களும் தகட்டைக் கழற்றுமுன் மெஷினோடு சேர்த்து ஒரு படம் எடுத்து, சிலிண்டர் எண்ணையும் குறித்து வைக்க வேண்டும்.