குழாயின் ஓரத்தில் இறங்கும் எச்சில்

மூளை ஆபரேஷன் முடிந்து வென்டிலேட்டரில் இருப்பவரைப் பார்க்கப் போகும் உறவினர்களின் கண், தலைக்கட்டின் மேலேயே நிற்கும். ஐசியு நர்ஸ் அதே அக்கறையோடு நெஞ்சையும் கவனிப்பார். குழாய் பொருத்தி 48 மணி நேரம் கடந்தபின் வரும் நிமோனியாதான் அவருடைய பயம்.

கிருமி காற்றோடு மெஷினிலிருந்து வருகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். பெரும்பாலும் அது நோயாளியின் வாயிலிருந்தே வருகிறது. மூச்சுக்குழாய்க்குள் செருகிய குழாயின் நுனிக்குச் சற்று மேலே ‘கஃப்’ என்ற சின்ன பலூன் உண்டு. காற்று ஊதியதும் அது சுவரோடு ஒட்டி வழியை அடைக்கும். ஆனாலும் முழுசாக அடைக்காது. அதன் மடிப்புகள் வழியே, மேலே தேங்கிய எச்சிலும் சளியும் துளித்துளியாக நுரையீரலுக்குள் கசியும். விழிப்போடு இருந்தால் இருமித் தள்ளிவிடுவோம். மயக்கத்தில் கிடப்பவருக்கு அந்த இருமல் வலுவாக வராது.

அதனால் கஃப்பின் அழுத்தத்தை அவ்வப்போது அளந்து, 20 முதல் 30 சென்டிமீட்டர் நீரழுத்தத்துக்குள் வைக்கிறார்கள். குறைந்தால் கசிவு கூடும். மிஞ்சினால் மூச்சுக்குழாய்ச் சுவரில் ரத்த ஓட்டம் நின்று புண்ணாகும். கஃப்புக்கு மேலே தேங்குவதை உறிஞ்சியெடுக்கத் தனித் துளையுள்ள குழாய்களும் உண்டு. வாய்ச் சுத்தத்துக்குப் பல வருடம் குளோர்ஹெக்சிடின் மருந்தே பிரதானமாக இருந்தது. 2022-இல் வெளியான அமெரிக்க வழிகாட்டுதல் அதைக் கைவிட்டு, சாதாரண பல் பிரஷ்ஷைப் பரிந்துரைத்தது. எனக்குப் பிடித்த திருப்பம் இது.

கட்டிலின் தலைப்பக்கத்தை 30 டிகிரிக்குக் குறையாமல் உயர்த்தினால் வயிற்றிலுள்ளது மேலேறுவது குறையும். மண்டைக்குள் அழுத்தமும் தணியும். இப்படி ஒரே காரியம் இரண்டுக்கும் உதவுவது அபூர்வம். சளியை சக்‌ஷன் செய்தால் இருமல் வரும், இருமினால் மண்டைக்குள் அழுத்தம் ஏறும். மயக்க மருந்தைக் குறைத்துப் பார்ப்பதிலும் அதே சிக்கல்.

2024-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்றில், தலைக்காயம், பக்கவாதம், மூளை ரத்தக்கசிவு காரணமாக வென்டிலேட்டரில் வைக்கப்பட்டவர்களுக்கு, குழாய் பொருத்திய 12 மணி நேரத்துக்குள் செஃப்ட்ரியாக்சோன் 2 கிராம் ஒரே டோஸ் கொடுத்தார்கள். முதல் வாரத்தில் வரும் நிமோனியா 32 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாகக் குறைந்தது.

இதையெல்லாம்விடப் பலனுள்ளது, குழாயைச் சீக்கிரம் எடுத்துவிடுவது. ஆனால் தானாக மூச்சு விட்டால் மட்டும் போதாது. எச்சிலை விழுங்கப் பார்க்கிறாரா, எதிரே நகரும் விரலைக் கண் தொடர்கிறதா, சக்‌ஷன் குழாய் பட்டால் பலமாக இருமுகிறாரா என்றெல்லாம் பார்த்த பிறகே எடுப்பார்கள்.